சுபான் பாயின் ஏழடி அறை

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த அப்துல் சுபான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே அறிவித்தார்.

"இஞ்சினியரு கெடையாது. வூட்டுக்கு பிளானு நானே போடப்போறேன்."

தையல் மெஷினில் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த வஹிதா காலை நிறுத்தவில்லை.

"செருப்பக் கழட்டிட்டுப் போடுங்க," என்றாள்.

தருமபுரி கடைவீதியில் தகரப்பெட்டிக் கடை வைத்திருப்பவர் அப்துல் சுபான். பாப்பாரப்பட்டியிலும் இண்டூரிலும் கல்யாணம் என்றால் சீர்ப்பெட்டி இவர் கடையிலிருந்துதான் போகும். தகட்டை வெட்டி, மடித்து, ஓரம் தட்டி, மூடியில் ஒரு ரோஜாப்பூவும் வரைந்து கொடுத்துவிடுவார். எந்தப் பெட்டியில் எவ்வளவு கொள்ளும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் தன் குடும்பத்தை மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே அறையில் அடுக்கி வைத்திருந்தார். வாடகைக்கு ஒரு லைன் வீடு. ஒரு கூடம், ஒரு சமையல் மூலை. அதற்குள் அவர், வஹிதா, மூன்று பெண் பிள்ளைகள், மாமியார் ரோஷன் பீ, ஒரு தையல் மெஷின். பெண்கள் சேலை மாற்றினாலும் அவர்தான் வெளியே போவார். அவர் சட்டை மாற்றினாலும் அவர்தான் வெளியே போவார்.

இந்த எண்பத்தாறாம் வருஷத்தில் ஒருவழியாக ஊருக்குக் கிழக்கே ஒரு மனை வாங்கியாகிவிட்டது. பெரிய மனை என்று யாரும் கண் வைத்துவிட வேண்டாம். ரிப்பனை அவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு நீளத் துண்டு, அவ்வளவுதான். ஆனாலும் சொந்த மண்.

அந்த மண்ணில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தனக்கே தனக்கென்று ஓர் அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் "ஏங்க" என்று ஒரு குரல் கேட்கக் கூடாது. அந்த மனுஷர் பிறந்ததிலிருந்து கக்கூஸ் கதவைத் தவிர வேறெந்தக் கதவையும் தன் பின்னால் சாத்தியவர் இல்லை. அதையும் யாராவது வெளியே நின்று தட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். இதை நினைத்தால் அவருக்கு அழுகை வரும். சிரிக்காதீர்கள், நமக்கும் வரும்.

பிளான் போடும் தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், போன மாதம் ஊரில் நடந்த கண்காட்சியிலிருந்து வந்தது. சிக்கன வீடு என்று ஒரு பந்தல். மாதிரிக்கு ஒரு சுவர், மாதிரிக்கு ஒரு கூரை. மற்றவர்கள் ராட்டினம் பார்க்கப் போனார்கள். சுபான் பாய் சாயங்காலம்வரை சுவர் பார்த்தார். வீட்டுக்கு வந்தவருக்கு அந்தச் சுவர்ப் பித்து இறங்கவே இல்லை.

"செவுத்துக்குப் பூச்சே கெடையாது வஹிதா. செங்கல்லு அப்படியே செவப்பா நிக்கும்."

"கட்டி முடிக்காத வூடுன்னு விருந்தாளி திரும்பிப் போயிருவாங்க."

"அது இன்னும் நல்லதாப் போச்சு. இன்னொண்ணு கேளு. செங்கல்லப் படுக்க வெக்காம ஒருச்சாய்ச்சு நிக்க வெச்சு, ரெண்டு வரிசைக்கு நடுவுல எடம் விட்டுக் கட்டறது. எலிப்பொறிக் கட்டுன்னு பேரு. செங்கல்லும் மிச்சம், சாந்தும் மிச்சம். நடுவுல காத்து நிக்கும். வெயிலு உள்ள எறங்காது."

"எலி எறங்குமா?"

"பேருதாம்மா எலி. அப்பறம் ஜன்னலு. கம்பி வேணாம், கதவு வேணாம். செங்கல்ல ஓட்டை ஓட்டையா விட்டுக் கட்டுனா காத்தும் வரும், வெளிச்சமும் வரும்."

"கொசுவும் வரும்."

"காங்கிரீட்டுக்குள்ள பழைய கூரை ஓட்டப் பதிச்சுட்டா பாதி சிமெண்டு போதும். மாடியில பெய்யற மழை பூரா கொழா வழியாப் பின்னாடி தொட்டிக்கு வந்துரும். கொடத்தத் தூக்கிக்கிட்டு நடுத்தெருவுல நிக்க வேண்டியதில்ல."

தண்ணீர் விஷயத்தில் தருமபுரிப் பெண்கள் கேலி பேசுவதில்லை. வஹிதா மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"சரி. அதுல யாருக்கு என்னா ரூமு?"

அவர் தயாராக இருந்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தைத் தரையில் விரித்தார். பின்னால் கக்கூசுக்கும் தொட்டிக்கும் விட்டது போக மனையின் நீளம் முப்பத்தாறு அடி. பக்கவாட்டில் காற்று வர ஒரு சந்து. அந்தச் சந்தைப் பார்த்து வரிசையாக நான்கு அறைகள், நான்கு கதவுகள். ஹால் பன்னிரண்டடி. படுக்கையறை ஒன்பது. சமையலறை எட்டு.

"இந்தக் கடைசி ஏழடி?"

"அது..." என்று இழுத்தார் சுபான் பாய். "அது எனக்கு."

"உங்களுக்கா? எதுக்கு? யாரு மேல கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல. ஒரு மனுசன் செத்த நேரம் உக்காந்து யோசிக்க வேணாமா?"

"கடையில என்னா பண்றீங்க?"

"அங்க தகரம் தட்டறேன். அந்தச் சத்தத்துல எங்க யோசிக்கறது?"

வஹிதா கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து விரலில் சுற்றினாள். தாளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முப்பத்தாறு அடி மனை. பன்னிரண்டு, ஒன்பது, எட்டு, ஏழு. உதடு மட்டும் அசைந்தது. பிறகு, "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதித்தாள்.

இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. எதிர்த்துப் பேசினால் அவருக்குத் தெம்பு வரும். ஒத்துக்கொண்டால் சந்தேகம் வரும். அன்றிலிருந்து அந்த மனுஷர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. காலையில் சமையலறை பின்னால் இருந்தது. மத்தியானம் முன்னால் வந்தது. சாயங்காலம் நடுவில் போனது. காலண்டரில் மாதங்கள் தீர்ந்து அடுத்த வருஷத்துக் காலண்டர் தேட வேண்டியதாயிற்று. கடையிலும் அதே கதைதான். இண்டூர்க்காரர் ஒருவர் வாங்கிப்போன சீர்ப்பெட்டியின் மூடியில் ரோஜாப்பூவுக்குப் பதில் சமையலறையும் அதற்கு ஒரு புகைபோக்கியும் இருந்தன. பெண் வீட்டார் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டதால் தப்பித்தார்.

பக்கத்து வீட்டு வியாகுலம் கரண்ட் ஆபீசில் லைன்மேன். கம்பத்தின் மேலிருந்து ஊரிலுள்ள வீட்டையெல்லாம் பார்த்தவர். அவர்தான் யோசனை சொன்னார்.

"பாய், தாள்ல பாத்தா ஒண்ணும் புரியாது. மனையில சுண்ணாம்பு போட்டுப் பாருங்க. வூடு எந்திரிச்சு நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு என்றால் என்ன கோடு. பெட்டி மூடியில் பூ வரைகிற கை அல்லவா, நூல் பிடித்த மாதிரி விழுந்தது. சுபான் பாய் நான்காவது கட்டத்துக்குள் நின்று கையை விரித்துப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை. ஏழடி, முழுசாக ஏழடி. இங்கே ஒரு கட்டில். இங்கே ஒரு நாற்காலி. கண்ணை மூடினார். யாரும் கூப்பிடவில்லை.

"ஏங்க."

கண்ணைத் திறந்தார். வஹிதா சமையலறையிலிருந்து நேராக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"நில்லு. அது செவுரு."

"எதுங்க?"

"நீ மிதிச்சுக்கிட்டு நிக்கறது. வெளிய போயிக் கதவு வழியா வா."

வஹிதா மறுபேச்சுப் பேசாமல் திரும்பி, சமையலறைக் கதவு வழியாக வெளியேறி, சந்தில் நடந்து, அவர் அறைக் கதவுக்கு வெளியே நின்றாள். இல்லாத கதவை விரல் மடக்கித் தட்டினாள்.

"வரலாமுங்களா?"

"வா," என்றார் அவர். பெருமையாக இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தி அவரிடம் அனுமதி கேட்டு உள்ளே வருகிறாள்.

"ஒண்ணு கேக்கணும். செவுரு எங்கங்க வரும்?"

"கோட்டு மேல."

"கோட்டு மேலதானா?"

"கோட்டு மேலதான். இதுல என்னா சந்தேகம்?"

"சந்தேகம் ஒண்ணுமில்லீங்க," என்றாள் வஹிதா. குனிந்து அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்தாள். ஒரு விரல் அகலம் இருந்தது. புடவைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். வெயில் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டுகிற நாள் வந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து பாத்திஹா ஓதினார். பூந்தி விளம்பினார்கள். கம்பைநல்லூரில் புளி வியாபாரம் செய்யும் வஹிதாவின் தம்பி தாவூது வந்திருந்தான். வியாகுலம் வந்திருந்தார். மேஸ்திரி மாதேஸ்வரன் நூலும் முளைக்குச்சியும் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். எல்லாரும் வாயில் பூந்தியோடு இருந்த நேரம் பார்த்து வஹிதா பேச்சை எடுத்தாள்.

"தாவூது, ஒங்க மச்சான் தெனம் ஒரு பிளானு போடறாரு. கடக்கா தோண்டுன பொறகும் மாத்துவாரு. மேஸ்திரி பாவம். இன்னைக்கு எல்லாரு முன்னாடியும் முடிவா ஒரு அளவு சொல்லச் சொல்லு."

"நாயந்தான மச்சான்," என்றான் தாவூது.

நாலு பேர் முன்னால் பிளான் சொல்லச் சொன்னால் சுபான் பாய்க்குக் கசக்குமா. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கேட்டுக்கங்க. ஹாலு பன்னண்டு. படுக்கற ரூமு ஒம்பது. சமையக்கட்டு எட்டு."

"உள்ளளவுங்களா?" என்றாள் வஹிதா. "எங்கம்மா பாய் விரிச்சுப் படுக்கணும், மெஷினு போடணும். அதான் கேக்கறேன்."

"உள்ளளவுதான். வேற என்னா அளவு இருக்குது?"

"அப்பறம் ஒரு அடி கொறையுது, அரை அடி கொறையுதுன்னு வரக் கூடாது."

"ஒரு இஞ்சு கொறையாது. ஹஜ்ரத்த வெச்சுக்கிட்டுச் சொல்றேன்."

"அது போதுங்க," என்றாள். பிறகு அவள் சொன்னதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மிச்சம் இருக்கறது பூரா உங்க ரூமு. அதுல நானோ எங்கம்மாவோ புள்ளைங்களோ யாரும் பங்கு கேக்க மாட்டோம். இதுவும் எல்லாரு முன்னாடியும் சொல்றேன்."

என்ன தங்கமான பொம்பளை என்று உருகிப்போனார். இவளையா இத்தனை வருஷம் சந்தேகப்பட்டோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. மச்சினனுக்குத் தன் கையாலேயே இன்னொரு கை பூந்தி அள்ளிப் போட்டார்.

மாதேஸ்வரன் முன்பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்கினார். ஒரு முளை அடித்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு முளை அடித்தார். அங்கிருந்து பன்னிரண்டடி அளந்தார். முளை அடித்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு முளை.

சுபான் பாய் நெருங்கிப் போனார்.

"மேஸ்திரி, அது என்னா ரெண்டு ரெண்டு முளையா அடிக்கறீங்க?"

"நடுவுல செவுரு வருதுங்களே பாய்."

"செவுரு கோட்டு மேல வருது."

"கோட்டு மேலதாங்க வருது. கோடு ஒம்பது இஞ்சு அகலம் இருக்குதுங்களே."

அப்துல் சுபான் அந்த இரண்டு முளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவரைக் குறை சொல்லக் கூடாது. சின்ன வயசிலிருந்து தகரத்தோடு வாழ்ந்தவர். தகரத்துக்கு ஏது கனம்? பெட்டி வெளியே மூன்றடி என்றால் உள்ளேயும் மூன்றடி. நடுவில் தகடு போட்டு இரண்டாகத் தடுத்தால் ஒன்றரை, ஒன்றரை. அந்தக் கணக்கில்தான் அவர் வீட்டையும் தடுத்திருந்தார். சுவருக்கு ஒரு கனம் இருக்கிறது, அதுவும் தரையில்தான் நிற்கும், அந்தத் தரையும் தன் மனையிலிருந்துதான் போகும் என்பது அவருக்கு இதுவரை தோன்றவில்லை.

"எத்தனை செவுரு?" என்றார்.

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, நடுவுல தடுப்பு மூணுங்க."

மேஸ்திரி பேசிக்கொண்டே ஹாலை முடித்தார். படுக்கையறையை முடித்தார். சமையலறையை முடித்தார். ஒவ்வொன்றும் சொன்ன அளவுக்கு நறுக்கென்று வந்தது. கடைசிச் சுவருக்கும் இடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, மிச்சத்தில் டேப்பைப் பிடித்தார். ஒருமுறை பிடித்தார். துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார்.

"பாய், இது மூணேகால் அடிதாங்க வருது. மாடிப்படியா?"

பாய் அங்கே இல்லை. மனையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விட்டார். காணாமல் போன மூன்றே முக்கால் அடியைத் தேடி ஓடினார். பின்னால் கொஞ்சம் தள்ளலாமா என்று பார்த்தார். அங்கே கட்டட வேலைக்குத் தண்ணீர் வேண்டுமென்று தொட்டிக்குழியை முதலிலேயே தோண்டியாகிவிட்டது. அவர் அவசரம்தான். முன்னால் தள்ளலாமா என்று பார்த்தார். அங்கே சாக்கடை. திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது.

"மேஸ்திரி, ஹால்ல ஒரு அடி எடுங்க. சமையக்கட்டுல..."

"மச்சான்," என்றான் தாவூது. வாயில் இன்னும் பூந்தி இருந்தது. "இப்பத்தான ஹஜ்ரத் முன்னாடி சொன்னீங்க."

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"அப்படின்னா செவுத்த மெலிசாக் கட்டுங்க. தடுப்புச் செவுரு நாலரை இஞ்சு போதும்ல?"

"கட்டலாங்க," என்று மாதேஸ்வரன் தொடங்கினார்.

"அதெப்படிங்க முடியும்?" வஹிதாவின் குரலில் நிஜமான கவலை இருந்தது. "செவுத்துக்கு நடுவுல காத்து நிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க. மெலிசா கட்டுனா காத்து எங்க நிக்கும்? நீங்க சொன்னத நம்பித்தான நான் இந்த வூட்டுக்கே ஒத்துக்கிட்டேன்."

"ஆமா பாய்," என்றார் வியாகுலம். "எங்க வூட்டுல வந்துகூட ஒரு மணி நேரம் சொன்னீங்களே. எலிப்பொறி, எலிப்பொறின்னு."

சுபான் பாய் கடைசிக் கட்டத்துக்குள் போய் நின்றார். கையை விரித்தார். இரண்டு பக்கமும் நூல் தட்டியது. அந்த நேரத்தில் அந்த மனுஷருடைய முகத்தைப் பார்த்தால் எதிரிக்கும் மனசு இளகும். வஹிதாவுக்கும் இளகியிருக்கும். ஆனால் அவள் அப்போது மேஸ்திரிக்குப் பூந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்புகிற வழியில் அவர் கடைவீதி முனை வந்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

"வஹிதா, ஒனக்குத் தெரியுமா?"

"எதுங்க?"

"செவுத்துக்கு எடம் விடணும்னு."

"தையலுக்கு விடாம எவளாச்சும் துணி வெட்டுவாளா?"

அவர் நின்றுவிட்டார். "எப்பத் தெரியும்?"

"நீங்க காலண்டர விரிச்ச அன்னைக்கே."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எல்லா ரூமுலயும் கொஞ்சம் கொஞ்சம் கொறைச்சிருப்பீங்க," என்றாள் வஹிதா. "இப்பப் பாருங்க, ஒண்ணுதான் கொறைஞ்சிருக்கு. வாங்க, வெயிலு ஏறுது."

வீடு எழும்பியது. பொய் சொல்லக் கூடாது, அழகாகவே எழும்பியது. சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. முதல் மழைக்கே தொட்டி நிறைந்தது. ரோஷன் பீ ஹாலில் பாய் விரித்துக் காலை நீட்டிப் படுத்தார். தையல் மெஷின் தெருப் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்தது. பிள்ளைகள் படுக்கையறையில் பாண்டி ஆடின. சுபான் பாய் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. பூச்சில்லாத சுவரைப் பார்க்கவும் ஓட்டை ஜன்னலைப் பார்க்கவும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வஹிதா ஒவ்வொருவரையும் சந்து வழியாக அழைத்துப்போய்க் காட்டுவாள். "எல்லாம் எங்க வூட்டுக்காரரு யோசனைங்க," என்று மறக்காமல் சொல்லுவாள்.

அவருடைய அறைக்கும் கதவு போட்டார்கள். உள்பக்கம் திறந்தால் பக்கச் சுவரில் இடித்துக்கொண்டு பாதியில் நின்றது. அதனால் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினார்கள். கட்டில் நுழையவில்லை. நாற்காலி நுழைந்தது, ஆனால் அது நுழைந்தபிறகு அவர் நுழைய முடியவில்லை. கடைசியில் ஒரு முக்காலி போட்டார். அதில் உட்கார்ந்து காலை நீட்டினால் பாதம் எதிர்ச்சுவரில் இடித்தது. பக்கவாட்டில் உட்கார்ந்தால் முழங்கை இரண்டும் கிட்டத்தட்டச் சுவரைத் தொட்டன. பரவாயில்லை. தன்னுடையது. யாரும் பங்கு கேட்கவில்லை. சொன்ன சொல்லை வஹிதா காப்பாற்றினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முக்காலியில் உட்கார்ந்தார். யோசிக்கத் தொடங்கினார். என்ன யோசிப்பது என்றுதான் தெரியவில்லை. இருந்தாலும் அமைதியாக இருந்தது. நிஜமாகவே அமைதியாக இருந்தது. மனசு நிறைந்து, மெதுவாகக் கண்ணை மூடினார்.

சந்தில் காலடிச் சத்தம் கேட்டது. பாப்பாரப்பட்டியிலிருந்து வீடு பார்க்க யாரோ பெண்கள் வந்திருந்தார்கள். வஹிதா வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இது ஹாலுங்க. இது படுக்கற ரூமுங்க. இது சமையக்கட்டுங்க. சத்தம் அவர் கதவுக்கு வெளியே வந்து நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்னாங்க, அலமாரியா?" என்றது ஒரு குரல்.

"ஆமாங்க."

"நல்லாப் பெருசாத்தான் வெச்சிருக்கீங்க. உள்ள என்னாங்க போட்டிருக்கீங்க?"

"எங்க வூட்டுக்காரரத்தாங்க," என்றாள் வஹிதா.